கலியாணச் சட்டத்தைக் கொழும்பு எழுதுவதா, மாகாணம் எழுதுவதா? முள்ளியவளையில் இருந்து ஒரு பேச்சு

வணக்கம் உறவுகளே. இன்று முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையில், மாமி வீட்டுக் கிணற்றடியில் இருந்து பேசுகிறேன். காற்று கொஞ்சம் கூட. பனையோலைச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் இருக்கிற மச்சாளுக்குப் போன கிழமை கலியாண எழுத்து, அதாவது பதிவு. அவள் சொன்ன ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அங்கே யார் யாரைக் கலியாணம் முடிக்கலாம், எந்த வயதில் முடிக்கலாம், எப்படி விவாகரத்து எடுக்கலாம் என்பதெல்லாம் ஒட்டாவாவில் இருக்கிற மத்திய அரசின் சட்டம். லைசென்ஸ் கொடுப்பது, எழுத்தை நடத்துவது, பிரிந்தால் வீடு வாசலைப் பங்கிடுவது எல்லாம் மாகாணத்தின் வேலை. 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே இந்தப் பிரிப்பு இருக்கிறது.

அதைக் கேட்டதும் மாமியின் காணிதான் நினைவுக்கு வந்தது.

நான் இருக்கிற இந்தக் காணி மாமிக்குத் தாய் கொடுத்த சீதனம். வன்னியில் நிறையப் பேரிடம் இருப்பது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. இது உறுதிக் காணி, சொந்தப் பத்திரம் உள்ளது. மாமா யுத்தம் முடிந்த 2009 மே மாதத்தோடு காணவில்லை. மகளின் படிப்புச் செலவுக்குப் பாதியை விற்கலாம் என்று மாமி உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் போனார். உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது, "அவருடைய கையெழுத்து எங்கே?" மாமி ஒன்றும் சொல்லாமல் உறுதியைச் சொப்பிங் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வட மாகாணத் தமிழருக்கான பழைய வழமைச் சட்டம் தேசவழமை. அதன் கீழ் வருகிறவர்களுக்கு 1911இல் வந்த கட்டளைச் சட்டப்படி, மனைவி தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவன் எங்கே என்று தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அந்த வழி இருக்கிறது, சரி. ஆனால் தாய் தந்த காணிக்காக, காணாமல் போன மனிதரைப் பற்றி நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டியிருக்கிறதே! பொதுச் சட்டத்தின் கீழ் வாழ்கிற பெண்ணுக்கு 1923 முதல் இந்தச் சம்மதம் தேவையில்லை. மட்டக்களப்பில் இருக்கிற தமிழ்ப் பெண்ணுக்கும் தேவையில்லை.

அப்படியென்றால் கொழும்பே எல்லோருக்கும் ஒரே சட்டம் எழுதட்டும் என்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாயின் சீதனம் மகளுக்கு என்று தேசவழமை வைத்ததால்தான் மாமியின் பெயரில் ஒரு காணியே இருக்கிறது. அந்தப் பெறுமதி இங்கே வாழ்கிறவருக்குத்தான் தெரியும். தூர இருந்து திருத்துகிறவர் நல்லதையும் சேர்த்து வெட்டிவிடுவார். அதனால் காணி, சீதனம், முதுசம் என்கிற பரம்பரைச் சொத்து பற்றிய பகுதியைத் திருத்தும் உரிமை மாகாணத்துக்கு வேண்டும். திருத்துகிற இடத்தில் மாமியைப் போன்ற பெண்கள் இருக்க வேண்டும்.

ஆனால் கலியாண வயதையும், முடிக்கிறவர்களின் சம்மதத்தையும் எந்த மாகாணத்தின் கையிலும் விடக்கூடாது. யுத்தத்தின் கடைசி வருடங்களில், புலிகள் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் 15 வயதில் தாலி ஏறிய பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். 1995 முதல் சட்டப்படி வயது 18. அதனால் அந்தக் கலியாணங்களுக்கு எழுத்து இல்லை. பிறகு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்துக்காக அவர்கள் அலைந்த அலைச்சலை நான் பார்த்திருக்கிறேன். முஸ்லிம் பெண்பிள்ளைகளை அந்த 1995 திருத்தம் தொடவே இல்லை. அவர்களுக்கு 1951இன் தனிச் சட்டம். அங்கேயும் 18 வேண்டும் என்று முஸ்லிம் பெண்களே போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவைப் பாருங்கள். கலியாணம் அங்கே மாநிலங்களின் விஷயம். வெள்ளையரும் கறுப்பரும் முடித்தால் குற்றம் என்று வேர்ஜீனியா வைத்திருந்த சட்டம் 1967இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் விழுந்தது. பக்கத்தில் இருக்கிற அரசு என்பதற்காக அது நியாயமாக நடக்கும் என்றில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்களையும் நான் அறிவேன்.

இன்னொன்று. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்தில் கலியாணப் பதிவு மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. உரிமை கேட்கிறோம், அதை வாங்கி வைக்க ஒரு சபை இல்லை. இது எனக்குப் பெரிய கவலை.

காணியை விற்க அனுமதி கேட்கிற மாமியின் வழக்குக்கு வருகிற மாதம் தவணை. நானும் கூடப் போகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கையெழுத்துக்காக நிற்கிற காணி இருந்தால், பெயர் போடாமல் கீழே எழுதுங்கள்.