பிரேக் விளக்கு எரிந்தால் பிரேக் பேட்டையும் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பொள்ளாச்சியில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து வால்பாறை போகிற மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஏறி இறங்கும் வண்டிகளுக்கு பிரேக் பார்ப்பதுதான் எனக்குப் பாதி வேலை.

போன மழைக்காலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். "தம்பி, வளைவுல திரும்பும்போது மட்டும் டேஷ்போர்டுல சிவப்பு பிரேக் விளக்கு எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுது. வழியில ஒரு கடையில காட்டினேன். பிரேக் ஆயில் கம்மியா இருக்குன்னு ஊத்தி விட்டாங்க, விளக்கு நின்னுபோச்சு. ரெண்டு மாசம் கழிச்சு இப்போ கரகரன்னு சத்தம் வருது" என்றார்.

முன்சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; அதை இருபுறமும் அழுத்தி வண்டியை நிறுத்துபவை பேட்கள்; பேட்டில் தேய்கிற பகுதி லைனிங். வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல் இருந்தது. உள்பக்க பேட்டில் லைனிங்கே இல்லை. பின்னால் இருக்கும் இரும்புத் தகடு நேராக டிஸ்கை அறுத்துக்கொண்டிருந்தது. டிஸ்கில் விரலை ஓட்டினால் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம்.

ஆயில் எங்கே போனது? எங்கும் ஒழுகவில்லை. பேட் தேயத் தேய, பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குள் அவற்றைத் தள்ளும் பிஸ்டன் வெளியே நகர்ந்து வரும். அது விட்ட இடத்தை ஆயில் நிரப்பும். அதனால் பானட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கும். டப்பாவுக்குள் ஒரு மிதவை உண்டு. மட்டம் குறைந்தபட்சக் கோட்டை நெருங்கும்போது, வளைவில் ஆயில் ஒரு பக்கம் சாய்ந்தாலே மிதவை இறங்கி விளக்கைப் போட்டுவிடும். பேட் தேய்வை உணரும் சென்சார் இல்லாத சின்னக் கார்களில் பேட் தேய்ந்ததைச் சொல்ல இருக்கிற ஒரே விளக்கு அதுதான். ஆயிலை ஊற்றியதும் அந்த ஒரு வாயையும் அடைத்துவிடுகிறோம். பிறகு புது பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, கூடுதலாக ஊற்றிய ஆயில் வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும்.

ஆகவே சிவப்பு விளக்கு எரிந்தால் ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஆயில் மட்டம், அதற்கடுத்து பேட். மட்டம் ஒரே நாளில் இறங்கினாலோ, பெடல் மெத்தென்று உள்ளே போனாலோ அது கசிவாக இருக்கலாம். அந்த வண்டியை ஓட்டவே கூடாது, இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவரவேண்டும்.

பேட்டுக்கென்றே தனி விளக்கு உள்ள கார்களும் உண்டு. வட்டத்தின் இருபுறமும் விட்டுவிட்டு வளைகோடுகள் போட்ட படம் எரியும். இவற்றில் பலவற்றில் பேட்டுக்குள் மெல்லிய கம்பி ஒன்று புதைந்திருக்கும். பேட் தேய்ந்து டிஸ்க் அந்தக் கம்பியை அறுத்தவுடன் மின்சுற்று துண்டாகி விளக்கு எரியும். ஆனால் எலி கடித்தாலும், கனெக்டரில் தண்ணீர் இறங்கிப் பச்சை பிடித்தாலும் அதே விளக்குதான் எரியும். பேட் நன்றாக இருந்தும் எரிகிறதென்றால் சென்சாரைக் கழற்றி, மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரில் கம்பி அறாமல் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சென்சார் சரி என்றால் கோளாறு வண்டிப்பக்க வயரில். சில பழைய கார்களில் வேலை தலைகீழ்: கம்பி டிஸ்கைத் தொட்டால்தான் எரியும், கனெக்டர் கழன்றுகிடந்தால் எரியவே எரியாது. எந்த வகை என்று தெரிந்துகொண்டுதான் கை வைக்கவேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கனெக்டரின் இரண்டு பின்களையும் துண்டு வயரால் இணைத்து டேப் சுற்றி விட்டுவிடுகிறார்கள். விளக்கு அணைகிறது, வாடிக்கையாளரும் நிம்மதியாகப் போகிறார். அந்த வண்டி அடுத்து மலை இறங்கும்போது எச்சரிக்க எதுவும் இருக்காது. அப்படி வந்த வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். அறுந்த சென்சார் ஒட்டுப்போட்டு ஓட்டுகிற பொருள் இல்லை. பேட்டோடு சேர்த்துப் புதிதாகப் போடவேண்டும்.

சென்சார் உள்ள கார்களிலும் பெரும்பாலும் நாலு சக்கரத்திலும் இருக்காது, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மற்ற சக்கரங்களில் தேய்ந்தால் விளக்குக்குத் தெரியாது. ஆசிரியர் வண்டியில் உள்பக்கம் மட்டும் தேய்ந்ததற்குக் காரணம், காலிப்பர் இருபுறமும் நகர்ந்துகொடுக்க உதவும் ஸ்லைடு பின். ரப்பர் உறை கிழிந்து, மழைத்தண்ணீர் புகுந்து, பின் துருவில் இறுகிவிட்டது. காலிப்பர் நகர முடியாமல் பிஸ்டன் பக்கத்து பேட் ஒன்றே எல்லாப் பாரத்தையும் சுமந்திருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்தால் அதற்கென்று உள்ள கிரீஸைத்தான் தடவவேண்டும். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்து மறுபடி இறுக்கிவிடும்.

சர்வீஸுக்கு விடும்போது கேளுங்கள்: "உள்பக்க பேட் எவ்வளவு இருக்கு? காட்டுங்க." சக்கரத்தின் இடுக்கு வழியாகத் தெரிவது வெளிப்பக்கம் மட்டுந்தான். லைனிங் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மலைப்பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

ஆசிரியருக்கு இரண்டு டிஸ்க், நாலு பேட், புதுப் பின்கள் எல்லாம் போட்டுக்கொடுத்தேன். தேய்ந்துபோன அந்த உள்பக்கத் தகட்டை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். "என் மகனும் இதே பாதையிலதான் வண்டி ஓட்டுறான், அவன்கிட்ட காட்டணும்" என்றார்.

நன்றி, வணக்கம்.