பேயே இல்லாத காதல்: ஓர் இரண்டாம் பாகத்துக்காகப் பரிந்து

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

ஹாங்காங் படங்களை விரும்பிப் பார்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் 'எ சைனீஸ் கோஸ்ட் ஸ்டோரி' பற்றிய பேச்சு வராமல் போகாது. பேயும் வாள்வீச்சும் காதலும் கலந்த, ஹாங்காங்கில் பேசுகிற கான்டனீஸ் மொழிப் படம். 1987-ல் வந்த முதல் பாகத்தைப் பற்றி யாருக்கும் மாற்றுக்கருத்து கிடையாது. 1990-ல் வந்த இரண்டாம் பாகத்தின் பெயரை எடுத்தவுடன் சபை இரண்டாகப் பிரிந்துவிடும். "முதல் பாகத்தோட கால் தூசுக்கு வருமா?" என்று ஒரு பக்கம். "விறுவிறுப்பும் சிரிப்பும் இதில்தானே அதிகம்" என்று இன்னொரு பக்கம். நான் பல வருஷமாக இரண்டாம் பாகத்தின் கட்சி. ஏன் என்று இன்று சொல்லிவிடுகிறேன்.

முதல் பாகம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிங் என்று ஓர் ஏழை இளைஞன். ஊர் ஊராகப் போய்க் கடன் பாக்கி வசூலிக்கிற வேலை. தங்க இடமில்லாமல் ஒரு பாழடைந்த கோயிலில் ஒதுங்குகிறான். அங்கே சியூ சின் என்ற பெண்ணைச் சந்திக்கிறான். அவள் இறந்துபோனவள். ஒரு மரப்பிசாசுக்கு அடிமை. ஆண்களை மயக்கி அதற்கு இரையாக்குவது அவள் தலையெழுத்து. இவனை மட்டும் காப்பாற்றுகிறாள். நிங்காக லெஸ்லி சியுங், சியூ சின்னாக ஜோயி வாங். கடைசிக் காட்சியில் விடிந்துகொண்டிருக்கிறது. வெயில் பட்டால் அவள் அழிந்துவிடுவாள். நிங் தன் உடம்பை முட்டுக்கொடுத்து வெளிச்சத்தை மறிக்கிறான். கையை எடுத்தால் வெயில் உள்ளே வந்துவிடும். அதனால் அவன் திரும்பி அவள் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட முடியாது. அந்தக் காட்சியைப் பார்த்துக் கலங்காதவர்களை நான் பார்த்ததில்லை.

சரி, இப்படி ஒரு முடிவுக்குப் பிறகு இரண்டாம் பாகம் எப்படி எடுப்பது? இயக்குநர் சிங் சியூ துங், தயாரிப்பாளர் சுய் ஹார்க், இரண்டு பேருக்கும் அதுதான் சிக்கல். அவளைத் திரும்பக் கொண்டுவந்தால் முதல் பாகத்தில் நாம் அழுத அழுகைக்கு அர்த்தமில்லை. கொண்டுவராவிட்டால் ஜோயி வாங் இல்லை. அவர்கள் கண்டுபிடித்த வழி, அதே முகச்சாயலில் உயிரோடு இருக்கிற வேறொரு பெண். சிங் ஃபுங் என்று பெயர். அநியாயமாகச் சிறைப்பிடிக்கப்பட்ட ஓர் அதிகாரியின் மகள். அப்பாவை மீட்க ஆட்களைத் திரட்டிக்கொண்டு, பேய் வேஷம் போட்டுக் காத்திருக்கிறாள். நிங் அவளைப் பார்த்ததும் தன் சியூ சின்தான் வந்துவிட்டாள் என்று உருகுகிறான். அவளுக்கோ இவன் யாரென்றே தெரியாது.

இங்கேதான் பலருடைய குறை தொடங்குகிறது. "அவள் பேயே இல்லையே, பிறகு என்ன பேய்க்காதல்? முகம் ஒன்றாக இருந்தால் காதல் வந்துவிடுமா?" என்கிறார்கள். எனக்கு இந்தப் படம் பிடித்ததே அதனால்தான். நம்மை விட்டுப் போனவருடைய சாயலைச் சந்தையிலோ பஸ்ஸிலோ திடீரென்று வேறொரு முகத்தில் பார்த்து, ஒரு நிமிஷம் மூச்சு நின்றுபோன அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கும்! அந்த ஒரு நிமிஷத்தை முழுப்படமாக இழுத்து வைத்திருக்கிறார்கள். சியூ சின்னை நினைத்துக்கொண்டு அவன் பேசும்போது சிங் ஃபுங்கின் முகம் மாறுவதைக் கவனியுங்கள். தன்னைப் பார்க்கிற கண்ணில் இன்னொருத்தி இருக்கிறாள் என்பது அவளுக்குப் புரிகிறது. முதல் பாகத்தில் ஜோயி வாங்குக்கு இப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கதையின் மூலம், பூ சோங்லிங் 17-ஆம் நூற்றாண்டில் எழுதத் தொடங்கிய விசித்திரக் கதைத் தொகுப்பில் இருக்கிறது. அதில் அந்தப் பேய்ப்பெண் நிங்கின் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். முதலில் மாமியார் பயப்படுகிறார். இவள் வீட்டு வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்து அவர் மனதைக் கரைக்கிறாள். கல்யாணமாகி, பிள்ளையும் பிறக்கிறது! அந்தப் பிரிவும் அந்த விடியலும் படக்காரர்கள் சேர்த்தவை. "இரண்டாம் பாகத்தில் அவளைத் திருப்பிக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான். பழைய கதை முதலிலேயே அவளைக் கொடுத்திருந்தது. படம் அதை மூன்று வருஷம் கழித்து, சுற்றி வளைத்துக் கொடுத்தது.

அப்புறம் சிரிப்பு. ஜாக்கி சியுங், தாவோ என்ற சீனச் சமய நெறியைச் சேர்ந்த இளம் துறவியாக வருகிறார். மண்ணுக்குள் புகுந்து ஓடுகிற வித்தைக்காரர். ஒரு பாழடைந்த மாளிகையில் நிங்குக்கு ஆளை உறையவைக்கும் மந்திரம் கற்றுக்கொடுக்கிறார். கையை நீட்டி மந்திரத்தைச் சொன்னால் எதிரில் இருப்பவர் சிலையாகிவிட வேண்டும். நிங் பாடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, குருவையே உறையவைத்துவிடுகிறான். உறைந்தவரை விடுவிக்கத்தான் தெரியவில்லை. இதற்குள் அந்த மாளிகையின் ராட்சதப் பிணம் வந்துவிடுகிறது. குருவோ கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தக் கண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பேச முடியாது, ஓட முடியாது, எல்லாம் தெரிகிறது. நான் எத்தனை முறை பார்த்தாலும் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிப்பேன், அடுத்த நொடியே நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். பயமும் சிரிப்பும் ஒரே மூச்சில் வருவது எவ்வளவு கஷ்டமான கலை! "படம் காமெடியாகிவிட்டது" என்று இந்தக் காட்சியைத்தான் பலரும் குறையாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் படத்தின் உச்சமே இதுதான். கம்பியில் பறக்கும் சண்டையை அமைப்பதில் சிங் சியூ துங் பெரிய கை. நம் ஊர்த் திரையரங்குகளிலும் ஓடிய இந்திப் படம் 'கிரிஷ்' சண்டைக் காட்சிகளும் அவர் அமைத்தவைதான். அந்தக் கம்பி வேலை எப்படி நடக்கிறது என்பதைப் படம் போட்டுத்தான் விளக்க முடியும், அதை விட்டுவிடுகிறேன். கம்பியே இல்லாமல் மூன்று உருவங்களை ஓரிடத்தில் நிறுத்தி இப்படி ஒரு பதற்றம் உண்டாக்கினாரே, அதைத்தான் சொல்கிறேன்.

படத்தின் வில்லனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராஜகுரு, அரசையே ஆட்டிப் படைப்பவன். மந்திரம் ஓதிக்கொண்டு பொன் புத்தராகக் காட்சி தருகிறான். உண்மையில் அவன் ஒரு ராட்சதப் பூரான். அரசவைக்குள் வரிசையாக நிற்கும் அதிகாரிகளைத் தொட்டுப் பார்த்தால் அங்கிக்குள் வெறும் கூடு. உள்ளே இருந்ததையெல்லாம் பூரான் தின்றுவிட்டது. 1989-ல் பெய்ஜிங் தியனன்மென் சதுக்கத்தில் போராடிய மக்களை ராணுவம் சுட்டு ஒடுக்கியதை ஹாங்காங் மக்கள் தொலைக்காட்சியில் பார்த்து நடுங்கிய அடுத்த வருஷம் வந்த படம் இது. 1997-ல் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து தங்கள் ஊர் சீனாவின் கைக்குப் போகப்போகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த வெற்றுக் கூடுகளை அந்த வருஷத்து ஹாங்காங்கோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். "அரக்கர்கள் அதிகம், காதல் குறைவு" என்கிற நண்பர்களை இந்தக் காட்சிக்காக மட்டுமாவது இன்னொரு முறை பார்க்கச் சொல்வேன்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். பாடல்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். முதல் பாகத்தில் சாலி யே பாடும் பாட்டு, விடியலே வராதே என்று கெஞ்சுவது. அதை ஒருமுறை தேடிக் கேளுங்கள், அது போதும். 1991-ல் வந்த மூன்றாம் பாகத்தில் லெஸ்லி இல்லை, டோனி லியூங் இளம் பிக்குவாக வருகிறார், மரப்பிசாசு மறுபடி விழித்துக்கொள்கிறது. அதற்கும் ஒரு கட்சி உண்டு, நான் அதில் இல்லை. வாய்ப்புக் கிடைத்தால் முதல் இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பாருங்கள், நடுவில் இடைவெளி விடாதீர்கள். வணக்கம்.