பெட்டியடிப் பாடம்

நடுவர் அவர்களே, தகவல் தொழில்நுட்பம் இன்றைய மாணவர்க்கு வாழ்வு தருமா என்ற கேள்விக்கு, தரும் என்று வாதிட வந்திருக்கிறேன். 2025இல் டிசிஎஸ் மென்பொருள் நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்ததை எடுத்துக்காட்டி, பிள்ளைகளை இந்தப் பக்கமே விடாதீர்கள் என்றார் எதிரணித் தோழர். செய்தி உண்மைதான், அந்த வீடுகளின் வேதனையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவர் அதிலிருந்து எடுத்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

காரைக்குடியில் நின்று பேசும்போது பர்மா நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கே வட்டிக்கடை நடத்திய நகரத்தார் வீட்டுப் பையன்கள் சிறு வயதிலேயே பெட்டியடிக்கு, அதாவது கடையின் பணப்பெட்டி அருகே இருந்து தொழில் பழகும் வேலைக்குப் போய், எடுபிடி வேலை செய்து, பேரேடு எழுதப் பழகி, அடுத்தாளாகி, மேலாளானார்கள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது கடையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள் கணக்கறிவைக் கூடவே கொண்டுவந்தார்கள். இங்கே ஆலைகளும் அச்சகங்களும் எழ அந்த அறிவும் உதவியது.

இன்று கணினித் துறையில் இடிந்திருப்பது அப்படிப்பட்ட பெட்டியடி வேலையே. நிரலைச் சோதிப்பது, சிறு பிழை திருத்துவது எனப் புதியவர்க்குக் கொடுத்துவந்த வேலையில் ஒரு பகுதியை, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இயந்திரமே செய்யத் தொடங்கிவிட்டது. தொழில் பழகும் முதற்படி அது என்பதால் எனக்கும் கவலை உண்டு.

எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு வளாகத் தேர்வில் வேலை கிடைக்கவில்லை. சித்தியின் பலகாரக் கடைக்குக் கல்யாணச் சீர் ஆர்டர்களைக் கணக்குப் பார்க்கும் செயலி ஒன்றை எழுத உட்கார்ந்தாள். செயற்கை நுண்ணறிவு அரைமணி நேரத்தில் நிரலைத் தந்தது. ஆனால் எல்லாவற்றையும் கிலோவில் கணக்கிட்டது. அதிரசத்தை எண்ணிக்கையிலும் சீடையைப் படியிலும் சித்தி ஆர்டர் எடுப்பது அதற்குத் தெரியாது. ஒரு படி சீடைக்கு எவ்வளவு மாவு பிடிக்கும் என்று அடுப்படியில் நின்று அளந்து பார்த்து, அவள்தான் திருத்தினாள். இப்போது வேறு இரண்டு கடைக்காரர்கள் பணம் கொடுத்து அவளிடம் கேட்கிறார்கள்.

பலகாரத்தோடு இது முடியவில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் இவ்வூரில் திறக்கப்பட்ட சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் லித்தியம் அயனி மின்கல ஆய்வு நடக்கிறது. மின்சார வண்டியின் மின்கலம் எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு மின்சாரம் மிச்சமிருக்கிறது என்று இடைவிடாமல் கணித்து, ஆபத்தென்றால் இணைப்பைத் துண்டிப்பது மென்பொருள்தான். நிரலோடு மின்வேதியியலும் அறிந்தவரே அதை நம்பகமாக எழுத முடியும்.

ஊரெல்லாம் சேர்கிறதே என்று சேரும் மாணவனுக்கு இத்துறை கைகொடுக்காது என்று எதிரணி சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் சிக்ரி வாசலைத் தாண்டித் தினமும் பள்ளிக்குப் போகிற, ஆர்வமுள்ள பிள்ளையிடம் கணினி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நடுவர் அவர்களே.