ஓடாத தண்ணீரை நம்பாதீர்கள்

வணக்கம் நேயர்களே. குழாயைத் திறந்ததும் லேசாக ஒரு நெடி மூக்கில் ஏறுமே, அந்தக் குளோரினை இரவு பகலாக அளந்துகொண்டிருக்கும் சென்சாரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

பார்க்க ஒரு சிறு குழல். நுனியில் மெல்லிய சவ்வு. சவ்வுக்குப் பின்னால் கொஞ்சம் உப்புக் கரைசல், அதில் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ ஒரு மின்முனை, வெள்ளியில் இன்னொன்று. குளோரின் சவ்வைத் தாண்டி வந்து தங்கத்தின் மேல் வினைபுரிந்து தீர்ந்துபோகும். அப்போது ஓடும் துளியூண்டு மின்னோட்டம்தான் திரையில் எண்ணாக வருகிறது.

தீர்ந்துபோகும் என்றேன் இல்லையா, அங்கேதான் சூட்சுமம். எதை அளக்கிறதோ அதையே தின்றுகொண்டு அளக்கிறது இந்தச் சென்சார். புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். மணிக்கு 30 லிட்டர் வாக்கில் சீரான ஓட்டம் கேட்கும் சென்சார்கள் நிறைய. முன்னால் இருக்கும் வடிகட்டி அடைத்துக்கொண்டால்? ஓட்டம் நிற்கும், எண் இறங்கும். தொட்டியில் குளோரின் தாராளமாக இருக்கும். சென்சாரின் எண்ணைப் பார்த்துக் குளோரின் ஊற்றும் தானியங்கி பம்புக்கு அது எப்படித் தெரியும்? இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்று ஊற்றிக்கொண்டே போகும்.

சரி, கையால் சோதித்துப் பார்ப்போம் என்று டிபிடி மாத்திரையைப் போடுகிறார் ஊழியர். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக வேண்டும். ஆனால் குளோரின் எக்கச்சக்கமாக இருந்தால் அந்த நிறத்தையே வெளுத்துவிடும்! சென்சாரும் பூஜ்யம், சோதனையும் பூஜ்யம். இரண்டு பொய்யும் ஒத்துப்போனால் யார் சந்தேகப்படுவார்? அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு எடுத்து, குளோரின் இல்லாத காய்ச்சி வடித்த நீர் ஒன்பது பங்கு கலந்து மறுபடி சோதியுங்கள். சிவப்பு தலைகாட்டினால் குட்டு வெளிப்பட்டது. இதற்கெல்லாம் முன்பே, ஓட்டம் நின்றால் பம்பையும் நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று வேண்டும். திரும்பவும் சொல்கிறேன்: முதலில் ஓட்டத்தைப் பாருங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள்.

அடுத்து பிஎச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண். கிருமியைக் கொல்வதில் கெட்டிக்காரர் ஹைப்போகுளோரஸ் அமிலம். பிஎச் 7-இல் குளோரினில் முக்கால் பங்கு இந்த வடிவில் இருக்கும். 8-க்குப் போனால் கால் பங்கு தேறுவதே கஷ்டம். பல சென்சார்களின் கண்ணுக்கு இது ஒன்றுதான் தெரியும். குளோரின் குறையாமலே எண் குறைந்தால் பிஎச் ஏறியதா என்று கேளுங்கள்.

ஓஆர்பி மின்முனை வேறு சாதி. தண்ணீரின் ஆக்ஸிஜனேற்றும் திறனை மில்லிவோல்ட்டில் சொல்லும், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சவ்வு மாற்றுவதைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், இரண்டே வார்த்தை. மூடியில் கரைசலை நிரப்பி மெதுவாகத் திருகுங்கள், உள்ளே குமிழி தங்கக் கூடாது, சவ்வில் விரல் படக் கூடாது. மாட்டியவுடனே அளவு திருத்தாதீர்கள். எண் நிலைக்கச் சில மணி நேரம் ஆகும். வணக்கம்.