நைல் ஏறிய முழமும் ஆட்சியாளர் மீதான தீர்ப்பும்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

எகிப்தின் தெற்கே, அஸ்வான் நகருக்கு எதிரில், நைல் ஆற்றின் நடுவே எலிபன்டைன் என்றொரு தீவு இருக்கிறது. அங்கே ஆற்றுக்குள் இறங்கும் கல் படிக்கட்டு ஒன்றின் பக்கச் சுவரில் முழக்கணக்கில் கோடுகள் செதுக்கியிருக்கிறார்கள். வெள்ளம் ஏறும் மாதங்களில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளத்தான் அந்தக் கோடுகள்.

எகிப்தில் மழை அரிது. எத்தியோப்பிய மலைகளில் கோடையில் கொட்டும் மழைதான் அந்நாளில் நைலில் வெள்ளமாக வந்து, வயல்களில் வண்டலை விட்டு வடியும். அந்த வண்டலில்தான் கோதுமையும் பார்லியும் விளைந்தன. ஏற்றம் குறைந்தால் மேட்டு நிலம் நனையாது. மிஞ்சினால் கரை உடையும், வீடு போகும். ரோமானியரான பிளினி இதை அளவாகவே எழுதிவைத்தார்: 12 முழம் ஏறினால் பஞ்சம், 13 என்றால் பசி, 14 மகிழ்ச்சி, 15 நிம்மதி, 16 பேரானந்தம். பஞ்சத்துக்கும் பேரானந்தத்துக்கும் இடையே நான்கே முழம்! வரி வசூலிப்பவர்களுக்கும் இந்தக் கோடுதான் கணக்கு. தண்ணீர் உயர்ந்தால் அந்த ஆண்டு வரியும் உயரும்.

பலெர்மோ கல் என்று பண்டைய எகிப்தின் ஆண்டுக்குறிப்புக் கல் ஒன்று உண்டு. நாலாயிரம் ஆண்டுக்கும் முந்தையது. அதில் ஆண்டுக்கு ஒரு கட்டம்: மேலே மன்னர் செய்த காரியம், அடியிலேயே அந்த ஆண்டு வெள்ளத்தின் உயரம். நாட்டின் ஒழுங்கைக் காப்பது மன்னரின் கடமை, அந்த ஒழுங்கில் நதியும் அடக்கம் என்று நம்பிய மக்கள் அவர்கள்.

அப்படியானால் எங்கோ பெய்யாத மழைக்கு மன்னர் பொறுப்பா? கிளியோபாட்ராவின் ஆட்சியில், 10ஆம், 11ஆம் ஆண்டுகளில் தொடர்ந்து நைல் பொங்கவில்லை என்று ரோமானிய அறிஞர் செனெகா எழுதுகிறார். அவளுடைய வீழ்ச்சிக்கு அது முன்னறிவிப்பு என்று பேசிக்கொண்டார்களாம். கி.மு. 43இல் அலாஸ்காவின் ஒக்மோக் எரிமலை பெரிதாக வெடித்ததை, கிரீன்லாந்துப் பனிக்கட்டியில் சிக்கிய சாம்பலைக்கொண்டு 2020இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அத்தகைய வெடிப்புகள் பருவமழையைக் குலைக்கக்கூடியவை. உலகின் மறுகோடியில் எழுந்த புகைக்கு எகிப்தின் அரசி பழி சுமந்திருக்கலாம். எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

ஆனால் தண்ணீர் குறைந்தபின் மன்னர் என்ன செய்தார் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. கி.மு. 238இல் எகிப்தின் கனோபஸ் நகரில் கூடிய பூசாரிகள் தங்கள் மன்னர் மூன்றாம் தாலமியை அப்படித்தான் எடைபோட்டார்கள். வெள்ளம் பொய்த்தபோது வரியில் கணிசமான பகுதியை விட்டுக்கொடுத்தார். சிரியா, பினீசியா, சைப்ரஸ் நாடுகளிலிருந்து அதிக விலை கொடுத்துத் தானியம் தருவித்து மக்களைக் காப்பாற்றினார் என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். நதியைப் பொங்கச் செய்தார் என்றல்ல, பொங்காத ஆண்டில் கைகொடுத்தார் என்று!

இதைவிட என்னைக் கவர்ந்தது கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ தரும் செய்தி. எகிப்து ரோமின் கைக்கு வந்த புதிதில், தூர்ந்துபோன வாய்க்கால்களைப் படைவீரர்களை இறக்கித் தூர்வாரச் செய்தார் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். அந்தக் காலத்தில் அங்கே ஆளுநராக இருந்தவர்களில் ஒருவர் பெட்ரோனியஸ். ஸ்ட்ராபோவின் கணக்குப்படி (பிளினியின் கணக்கு வேறு), அவருக்கு முன்பு 14 முழம் ஏறினால்தான் அமோக விளைச்சல், 8 முழம் என்றால் பஞ்சம் உறுதி. அவர் காலத்தில் 12 முழத்திலேயே அமோகமாக விளைந்தது. ஒருமுறை வெறும் 8 முழம்தான் ஏறியது. அந்த ஆண்டு யாரும் பட்டினி கிடக்கவில்லை என்று எழுதுகிறார் ஸ்ட்ராபோ.

நன்றி. வணக்கம்.