பக்திமான் எழுப்பிய மதில்

அவையோருக்கு வணக்கம்.

பிற சமயத்தாரைச் சகித்துக்கொள்ள வைப்பது பக்தியா, மதச்சார்பின்மையா? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பட்டிமன்றம் வைத்தால் இரண்டு அணிக்கும் சரக்குக் குறையாது. சமயத்தின் பேரால் எரிக்கப்பட்டவர்களை ஓர் அணி எண்ணட்டும். 1967இல் கோயில், பள்ளிவாசல் எல்லாவற்றையும் மூடி, குருமார்களைச் சிறையில் தள்ளிய அல்பேனியாவை மற்ற அணி எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த விளையாட்டில் ஈடுபாடு இல்லை. ஒரே ஒரு மனிதரைப் பற்றிப் பேசுகிறேன்.

ரோஜர் வில்லியம்ஸ் என்ற பியூரிட்டன் போதகர், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர், 1631இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் காலனியின் பாஸ்டன் வந்து இறங்கினார். அங்கிருந்தவர்களும் பியூரிட்டன்களே. மன்னரின் திருச்சபை கொடுத்த நெருக்கடிக்குத் தப்பி வந்தவர்கள். அதிகாரம் தங்கள் கைக்கு வந்ததும், தங்கள் வழிக்கு வராதவர்களை அவர்களும் தண்டிக்கத் தொடங்கினார்கள். வழிபாடு, ஓய்வுநாள் போன்ற கடவுள் காரியங்களில் நீதிபதிக்கு என்ன வேலை என்று கேட்டார் வில்லியம்ஸ். 1635இல் அவரை நாடுகடத்தத் தீர்ப்பானது. கடுங்குளிரில் வெளியேறியவருக்குப் பூர்வகுடிகள் அடைக்கலம் தந்தார்கள். நாராகான்செட் பூர்வகுடித் தலைவர்கள் கொடுத்த நிலத்தில் 1636இல் பிராவிடன்ஸ் என்ற ஊரை அமைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ரோட் ஐலண்ட். யாரும் எந்தச் சபைக்கும் போகலாம், போகாமலும் இருக்கலாம் என்பது அங்கே சட்டம்.

இவரைத் தாராள மனத்தர், எம்மதமும் சம்மதம் என்றவர் என்று நினைத்துவிடாதீர்கள். நேர்மாறானவர். ஒரு கட்டத்தில் தம் மனைவியைத் தவிர வேறு யாரோடும் சேர்ந்து திருவிருந்து கொள்ள மறுத்தார் என்று மாசசூசெட்ஸ் ஆளுநர் வின்த்ராப் தம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். மற்ற யாரும் அவருக்குப் போதிய தூய்மையாகத் தெரியவில்லை! அடைக்கலம் தந்த பூர்வகுடிகளின் மொழியைக் கற்று அதைப் பற்றி நூலே எழுதினார். ஆனாலும் அவர்களுடைய வழிபாடு சாத்தானின் வேலை என்றே கருதினார்.

அப்படிப்பட்டவர் ஏன் மதிலைக் கேட்டார்? அவர் சொன்ன உருவகத்தில், திருச்சபை ஒரு தோட்டம், உலகம் ஒரு காடு; நடுவில் மதில் வேண்டும். தோட்டத்தைக் காப்பதே அவர் கவலை. பயந்து மண்டியிடுகிறவனின் வழிபாடு கடவுளின் நாசியில் நாறும் என்று எழுதினார். எதிர்த்தரப்பில் ஜான் காட்டன் என்ற பெரிய போதகரின் வாதம் கெட்டிக்காரத்தனமானது. தவறான கொள்கையுடையவனுக்கு ஓரிருமுறை எடுத்துச் சொல்கிறோம், அப்புறமும் திருந்தவில்லையென்றால் அவன் தன் சொந்த மனசாட்சிக்கே விரோதமாகப் பாவம் செய்கிறான், அதற்குத்தான் தண்டனை. இந்த வாதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். 1644இல் வில்லியம்ஸ் இதற்கு மறுப்பாக ஒரு நூல் வெளியிட்டார். லண்டன் நாடாளுமன்றம் அதை எரிக்க உத்தரவிட்டது.

உண்மையான சோதனை குவேக்கர்கள் வந்தபோது நேர்ந்தது. குருவோ சடங்கோ வேண்டாம், உள்ளொளி போதும் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இவர்கள். அடங்காதவர்கள், தொழுகை நடக்கும் இடத்தில் புகுந்து குரல் எழுப்புகிறவர்கள். பாஸ்டனில் 1659 முதல் 1661 வரை நால்வரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவர் மேரி டயர் என்ற பெண்மணி. இவர்களைத் துரத்துங்கள் என்று அண்டைக் காலனிகள் 1657இல் ரோட் ஐலண்டை நெருக்கின. மனத்தில் பட்டதைச் சொல்வதற்காகத் தண்டிக்க எங்களிடம் சட்டம் இல்லை என்று பதில் போயிற்று. கூடவே ஒரு குறும்பு: எங்கே இவர்களைத் தடுக்காமல் பேச விடுகிறோமோ அங்கேதான் இவர்களுக்கு வர விருப்பம் மிகக் குறைவு, எங்கள் ஊரே இவர்களுக்குச் சலித்துவிட்டது.

வில்லியம்ஸுக்குக் குவேக்கர் போதனை வேப்பங்காய். 1672இல் வாதுக்கு அழைத்தார். எழுபதை நெருங்கிய கிழவர், நாள் முழுக்கத் தாமே துடுப்பு வலித்து நியூபோர்ட் போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் அங்கே, ஒரு நாள் பிராவிடன்ஸில். பிறகு திட்டித் தீர்த்து ஒரு புத்தகமும் எழுதினார். அந்த ஆண்டு காலனியின் ஆளுநரே ஒரு குவேக்கர் என்பதைக் கவனியுங்கள். குவேக்கர்களின் போதனையைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று வில்லியம்ஸ் கேட்கவில்லை. பிடித்தவர்களை ஏற்றுக்கொள்வதற்குப் பெருந்தன்மை எதற்கு? எரிச்சலூட்டுகிறவனோடு வாதாடிவிட்டு, அவனைக் காவலரிடம் ஒப்படைக்காமல் வீடு திரும்புவதைத்தான் நான் சகிப்பு என்பேன். அந்த மனிதருக்கு அதைக் கொடுத்தது அவருடைய நம்பிக்கைதான்; அதைக் காத்தது சமயத்தில் கைவைக்காத அரசு. பட்டிமன்ற அணிகளில் இவரை எங்கே உட்கார வைப்பீர்கள்?

அவரும் அப்பழுக்கற்றவர் அல்லர். குடியேறியவர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் மூண்ட போரில் 1676இல் பிராவிடன்ஸ் எரிந்த பிறகு, பிடிபட்ட பூர்வகுடிகளை அடிமைப்பணிக்கு விற்ற குழுவில் அவரும் இருந்தார். மனசாட்சியின் சுதந்திரம் உடம்பின் சுதந்திரமாக நீளவில்லை.

அவர் காலத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று? பதினெட்டாம் நூற்றாண்டில் ரோட் ஐலண்டின் சட்டப்புத்தகத்தில், கிறிஸ்தவர் அல்லாதாருக்கும் கத்தோலிக்கருக்கும் முழுக் குடியுரிமை இல்லை என்று ஒரு வாசகம் நுழைந்துவிட்டது. நியூபோர்ட்டில் ஆரன் லோபஸ் என்ற யூத வணிகர் இருந்தார். அவர் அடிமை வாணிபமும் செய்தவர். புண்ணியாத்மா என்று சொல்ல வரவில்லை. 1761இல் குடியுரிமை கேட்டார். கிறிஸ்தவ சமயத்தைத் தடையின்றிப் பின்பற்றவே இந்தக் காலனி அமைந்தது என்று காரணம் காட்டி 1762இல் நீதிமன்றம் மறுத்தது. லோபஸ் எல்லை தாண்டி, அதே ஆண்டில் மாசசூசெட்ஸில் குடியுரிமை வாங்கிக்கொண்டார்.