ஸ்க்ராட்ச்சில் செய்த கேமை ஊருக்குக் காட்டுவது எப்படி?

[திரையில்: ஸ்க்ராட்ச் மேடை. மேலிருந்து மாங்காய்கள் விழுகின்றன, கீழே ஒரு கூடை இடமும் வலமும் நகர்கிறது.]

குரல்: மாங்காய் விழும். கூடையால் பிடிக்க வேண்டும். பிடித்தால் ஒரு மதிப்பெண். மூன்று மாங்காய் தரையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஸ்க்ராட்ச் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே செய்து பார்க்கும் கேம் இது. செய்தவர் கையில் நன்றாகத்தான் ஓடும். முன்பின் தெரியாத ஒருவர் திறந்து பார்த்தாலும் அப்படியே ஓட வேண்டும், இல்லையா? அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வீடியோ.

ஸ்க்ராட்ச்சை அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருளும், எழுதியதைப் பகிரும் இணையதளமும் அன்றே சேர்ந்து வந்தன. பிள்ளைகள் ஒருவர் செய்ததை ஒருவர் பார்த்து, பிரித்து, மாற்றிக் கற்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை யோசனை. இன்றுவரை அங்கே பகிரப்பட்ட படைப்புகள் 10 கோடியைத் தாண்டிவிட்டன. அதனால் ஷேர் பட்டனைக் கடைசியில் ஒட்டவைத்த ஒரு வசதியாக நினைக்காதீர்கள். ஸ்க்ராட்ச் கற்பதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

[திரையில்: எடிட்டரில் மாங்காய் கேம். மதிப்பெண் 47 என்று நிற்கிறது. கூடை ஒரு ஓரத்தில் கிடக்கிறது.]

குரல்: பட்டனை அழுத்துவதற்கு முன்பு இதைப் பாருங்கள். மதிப்பெண் 47-இல் நிற்கிறது. கூடை இடது ஓரத்தில் கிடக்கிறது. நேற்று விளையாடிவிட்டு அப்படியே சேமித்த நிலை இது. மதிப்பெண் மாதிரி மாறும் எண்ணை வைத்திருக்கும் வேரியபிளின் மதிப்பையும், கூடை, மாங்காய் மாதிரி மேடையில் உள்ள உருவமான ஸ்ப்ரைட் நிற்கும் இடத்தையும், அது எந்த காஸ்ட்யூமில், அதாவது எந்தத் தோற்றத்தில், இருந்தது என்பதையும் ஸ்க்ராட்ச் சேர்த்தே சேமிக்கும். அப்படியானால் புதிதாக வருபவருக்கும் ஆட்டம் 47-இல்தான் தொடங்கும்.

இதற்குத் தீர்வு, ஆட்டத்தைத் தொடங்க அழுத்தும் பச்சைக் கொடியில் இருக்கிறது. கொடியை அழுத்தியதும் ஓடும் பிளாக்குக்குக் கீழே, எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவாருங்கள். மதிப்பெண் 0. தவறவிட்டது 0. கூடை நடுவில், அதாவது எக்ஸ் 0, ஒய் மைனஸ் 140. மேடையின் அகலம் 480, உயரம் 360, மையம் 0 என்பதால் மைனஸ் 140 கீழ்ப்பகுதியில் வரும். 'ஆட்டம் முடிந்தது' என்ற பலகை மறைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்ப்ரைட்டாகப் போய், கொடி அழுத்தும்போது இது எங்கே, எப்படி இருக்க வேண்டும் என்று கேளுங்கள். சலிப்பான வேலைதான். ஆனாலும் இதைச் செய்த கேமுக்கும் செய்யாத கேமுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

[திரையில்: மாங்காய்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. திடீரென்று நின்றுவிடுகின்றன.]

குரல்: இன்னொரு கோளாறு. இதைக் கண்டுபிடிக்க நீண்ட நேரம் விளையாட வேண்டும். மாங்காய்கள் எல்லாமே ஒரே ஸ்ப்ரைட்டின் குளோன்கள், அதாவது ஆட்டம் ஓடும்போது உருவாகும் நகல்கள். ஸ்க்ராட்ச்சில் ஒரு நேரத்தில் 300 குளோன்கள்தான் இருக்க முடியும். கூடையில் விழுந்த மாங்காயை வெறுமனே மறைத்துவிட்டு, அழிக்காமல் விட்டால் என்ன ஆகும்? கண்ணுக்குத் தெரியாமல் அவை சேர்ந்துகொண்டே போகும். 300 ஆனதும் புது மாங்காய் வராது. ஆட்டம் உறைந்த மாதிரி நிற்கும். எந்த எச்சரிக்கையும் வராது. நன்றாக விளையாடுகிறவருக்குத்தான் இது நடக்கும் என்பது இன்னும் வருத்தம். பிடித்த மாங்காய், தவறிய மாங்காய் இரண்டுக்குமே கடைசி பிளாக்காக 'இந்தக் குளோனை அழி' என்பது இருக்கட்டும்.

சரி, அடுத்தது போன். உங்கள் கேமின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பப்போகிறீர்கள். அத்தையும் மாமாவும் வகுப்புத் தோழர்களும் போனில்தான் திறப்பார்கள். அங்கே அம்புக்குறி விசைகள் கிடையாது. விசையால் மட்டும் நகரும் கூடை போனில் அசையாமல் நிற்கும், அவர்கள் இரண்டு தட்டு தட்டிவிட்டு மூடிவிடுவார்கள். மாங்காய் கேமுக்கு இதன் தீர்வு மிக எளிது: கூடையின் எக்ஸை மவுஸின் எக்ஸுக்குச் சமமாக வைத்து, அதை 'எப்போதும்' பிளாக்குக்குள் போடுங்கள். கணினியில் மவுஸை நகர்த்தினால் கூடை வரும், போனில் விரலை இழுத்தால் வரும். குதிப்பது, சுடுவது மாதிரி அசைவுகள் உள்ள கேமாக இருந்தால், திரையிலேயே பெரிய பட்டன் ஸ்ப்ரைட்டுகளை வைத்துவிடுங்கள். கட்டைவிரல் படும் அளவுக்குப் பெரிதாக வையுங்கள்.

[திரையில்: ஒரு காஸ்ட்யூமில் 'மாங்காய் வேட்டை' என்ற எழுத்து. பக்கத்தில் அதே எழுத்து வேறு கணினியில் வேறு வடிவத்தில்.]

குரல்: தமிழில் கேம் செய்பவர்களுக்கு ஒரு விஷயம். 'சொல்' பிளாக்கிலும் வேரியபிள் பெயரிலும் தமிழை அப்படியே தட்டலாம். ஆனால் காஸ்ட்யூம் எடிட்டரில் வெக்டர் எழுத்தாக, அதாவது பின்னாலும் திருத்தக்கூடிய எழுத்தாக, தமிழை எழுதினால், பார்ப்பவரின் கருவியில் இருக்கும் தமிழ் எழுத்துருவைத்தான் அது எடுத்துக்கொள்ளும். உங்களிடம் கட்டத்துக்குள் அழகாக நின்ற தலைப்பு, அங்கே வெளியே வழிந்து நிற்கலாம். எழுதி முடித்ததும் அந்தக் காஸ்ட்யூமை பிட்மேப்பாக மாற்றிவிடுங்கள். அப்புறம் அது படம், எங்கேயும் மாறாது. மாற்றுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துவைத்தால் பின்னால் எழுத்தைத் திருத்த வசதியாக இருக்கும்.

[திரையில்: திட்டப் பக்கம். தலைப்பு 'அன்டைட்டில்ட்-7'. வலது பக்கம் இரண்டு காலிப் பெட்டிகள்.]

குரல்: கேம் தயார். இப்போது அதைச் சுற்றியுள்ள பக்கத்துக்கு வருவோம். தலைப்பு இருக்கும் இடத்தில் 'அன்டைட்டில்ட்-7' என்று இருந்தால் யாரும் திறக்க மாட்டார்கள். 'மாங்காய் வேட்டை' என்று வையுங்கள். 'உலகின் மிகச் சிறந்த கேம்' என்றெல்லாம் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தலைப்பு சொன்னால் போதும்.

வலது பக்கம் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. முதலாவது விளையாடும் முறை. அதில் மூன்று செய்தி வேண்டும்: எதால் நகர்த்துவது, எது நடந்தால் வெற்றி, எது நடந்தால் தோல்வி. 'மவுஸையோ விரலையோ நகர்த்தினால் கூடை நகரும். ஒரு மாங்காய்க்கு ஒரு மதிப்பெண். மூன்றைத் தவறவிட்டால் ஆட்டம் முடியும்.' இவ்வளவுதான். செய்தவருக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதி என்பதால் எழுதத் தோன்றாது, அதனால்தான் பல நல்ல கேம்களில் இந்தப் பெட்டி காலியாகக் கிடக்கிறது. இதைப் படிக்கப்போகிறவர் தமிழ் தெரியாதவராகவும் இருக்கலாம். கீழே ஆங்கிலத்திலும் இரண்டு வரி சேர்த்தால் கேம் இன்னும் தூரம் போகும்.

இரண்டாவது பெட்டி குறிப்புகளும் நன்றியும். இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன்.

[திரையில்: 'சீ இன்சைட்' பட்டன். அழுத்தியதும் முழு நிரலும் விரிகிறது.]

குரல்: ஸ்க்ராட்ச்சில் ஒரு படைப்பைப் பகிர்ந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் 'சீ இன்சைட்' அழுத்தி முழு நிரலையும் பார்க்கலாம். 'ரீமிக்ஸ்' அழுத்தி, தன் கணக்கில் ஒரு நகலாக எடுத்து மாற்றலாம். மாங்காய்க்குப் பதில் பனங்காய் விழவைக்கலாம். இதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஏனென்றால் பகிரும் ஒவ்வொரு படைப்பும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வருகிறது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம். ஆனால் முதலில் செய்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும், தானும் அதே உரிமத்தில் பகிர வேண்டும். நீங்கள் பின்னால் உங்கள் கேமைப் பகிர்விலிருந்து எடுத்தாலும், மற்றவர்கள் எடுத்த ரீமிக்ஸ்கள் அப்படியே இருக்கும். பகிர்வதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளிடம் பெரியவர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 'என் கேமைத் திருடிவிட்டான்' என்று ஒரு குழந்தை அழுதுகொண்டு வரும்.

ஆரம்ப நாள்களிலேயே அந்தத் தளத்தில் இந்தப் புகார் வந்தது. அதைத் தீர்க்க, ரீமிக்ஸ் பக்கத்தில் மூலப் படைப்பையும் அதைச் செய்தவரையும் காட்டும் வரி தானாக வரும்படி செய்தார்கள். அப்படியும் புகார்கள் ஓயவில்லை. ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். கணினி தானாகப் போடும் பெயரைப் பிள்ளைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரீமிக்ஸ் செய்தவரே தன் கையால் 'இதை முதலில் செய்தவர் இவர்' என்று எழுதியிருந்தால்தான் அதை நன்றியாக ஏற்றார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. இயந்திரம் போடும் பெயர் ஒரு பதிவு, அவ்வளவுதான். ஒருவர் நம் பெயரைத் தேடி, சரியாக எழுதி, எதற்காக என்று சொல்வதில்தான் மதிப்பு இருக்கிறது.

அதனால் இந்தப் பெட்டியில் நிரப்ப வேண்டியதைப் பொதுவாக எழுதாதீர்கள். 'எல்லோருக்கும் நன்றி' யாருக்கும் போய்ச் சேராது. 'மாங்காய் மெதுவாகத் தொடங்கி வேகமாக விழும் நிரல் இன்னாருடைய படைப்பிலிருந்து எடுத்தது. கூடையை வரைந்தது என் தங்கை. ஒலி ஸ்க்ராட்ச் நூலகத்தில் உள்ளது.' இப்படி எதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். தங்கையின் நிஜப் பெயர் வேண்டாம், 'தங்கை' போதும்.

[திரையில்: ஒலி நூலகம் திறக்கிறது. பின்பு மைக் பட்டன்.]

குரல்: ஒலி என்றதும் சொல்ல வேண்டியது, சினிமாப் பாட்டு. பின்னணியில் ஒரு ஹிட் பாட்டைப் போட ஆசை வரும். அந்தப் பாட்டின் உரிமை உங்களிடம் இல்லை. அதை இலவச உரிமத்தில் உலகத்துக்குக் கொடுக்க உங்களால் முடியாது, படைப்பு நீக்கப்படவும் வாய்ப்பு உண்டு. நூலகத்தில் ஒலிகள் நிறைய இருக்கின்றன. அதைவிட நல்லது, எடிட்டரிலேயே மைக்கை அழுத்திச் சொந்தமாகப் பதிவது. கூடையில் மாங்காய் விழும் சத்தத்துக்கு மேசையில் ஒரு துணிப்பையைப் போட்டுப் பதிந்து பாருங்கள், அசத்தலாக வரும்.

[திரையில்: ஆரஞ்சு நிறப் பட்டையில் 'ஷேர்' பட்டன்.]

குரல்: இப்போது ஷேர். இதை அழுத்தும் வரை உங்கள் கேமை நீங்கள் மட்டும்தான் பார்க்க முடியும். பட்டன் வேலை செய்யாவிட்டால், கணக்கின் மின்னஞ்சல் உறுதிசெய்யப்படாமல் இருக்கலாம். உறுதிசெய்யும்வரை பகிரவோ கருத்து எழுதவோ முடியாது. சிறு பிள்ளைகளின் கணக்கு அப்பா, அம்மாவின் மின்னஞ்சலில் இருந்தால் அவர்களிடம் போய் அந்தக் கடிதத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.

அழுத்துவதற்கு முன் கடைசியாக ஒரு பார்வை. பயனர் பெயரில் நிஜப் பெயர் இருக்கிறதா? பின்னணிப் படத்தில் சீருடையோ பள்ளிப் பலகையோ தெரிகிறதா? பதிந்த குரலில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், உலகம் முழுவதும் விளையாடுபவர்களின் உச்ச மதிப்பெண்ணைக் காட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். காட்டலாம், அதற்குத்தான் கிளவுட் வேரியபிள், அதாவது விளையாடும் எல்லோருக்கும் பொதுவாகத் தளத்திலேயே சேமிக்கப்படும் வேரியபிள். அதில் எண்களை மட்டும்தான் வைக்க முடியும். புதிய உறுப்பினர்களுக்கு அந்த வசதி உடனே கிடைக்காது, சில காலம் தளத்தில் பகிர்ந்தும் கருத்து எழுதியும் இருந்த பிறகு வரும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கேமை இப்போதே பகிருங்கள், மதிப்பெண் பலகையைப் பின்னால் சேர்க்கலாம்.

[திரையில்: 'காப்பி லிங்க்' பட்டன். பிறகு ஒரு ஸ்டூடியோ பக்கம்.]

குரல்: பகிர்ந்தாகிவிட்டது. 'காப்பி லிங்க்' அழுத்தினால் இணைப்பு கிடைக்கும், வேறு இணையதளத்தில் பதிக்கும் குறியீடும் அங்கேயே இருக்கும். வகுப்பாகச் செய்கிறீர்கள் என்றால் ஆசிரியர் ஒரு ஸ்டூடியோ தொடங்கி, எல்லாக் கேம்களையும் அதில் சேர்க்கலாம். பொதுவாகப் போட்டுவிட்டு யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட, உங்களைத் தெரிந்த ஐந்து பேருக்கு அனுப்புவது நல்லது. பார்வை எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறும். அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

ஐந்து பேரில் ஒருவரையாவது பக்கத்தில் உட்காரவைத்து விளையாடச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். 'அங்கே தொடு' என்று சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லாதீர்கள். அவர் எங்கே தயங்குகிறார், எதைத் தொடுகிறார், எப்போது சிரிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கருத்துப் பெட்டியில் 'சூப்பர்' என்று மட்டும் வருவதைவிட இந்தக் குறிப்புகள் ஆயிரம் மடங்கு பயன்படும்.

கருத்துகளுக்குப் பதில் எழுதுங்கள். யாராவது தப்பாக எழுதினால் சண்டைக்குப் போகாமல் புகார் பட்டனை அழுத்துங்கள். தேவைப்பட்டால் அந்தப் படைப்புக்கு மட்டும் கருத்துப் பெட்டியையே மூடிவைக்கலாம்.

திருத்தம் செய்யும்போது ஒரு கவனம் வேண்டும். பகிர்ந்த கேமில் நீங்கள் செய்யும் மாற்றம், சேமித்த உடனே எல்லோருக்கும் போய்விடும். பாதி வேலையில் சேமித்தால், அந்த நேரத்தில் விளையாட வருபவருக்குப் பாதி கேம்தான் கிடைக்கும். பெரிய மாற்றம் என்றால் முதலில் 'நகலாகச் சேமி' கொடுத்து, அந்த நகலில் வேலை செய்து, போனிலும் கணினியிலும் ஓட்டிப் பார்த்த பிறகு மூலத்தில் கொண்டுவாருங்கள். இணைப்பு மாறாது. ஏற்கெனவே அனுப்பிய அத்தைக்கு மறுபடி அனுப்ப வேண்டியதில்லை, அதே இணைப்பைத் திறந்தால் புது மாங்காய் விழும்.